கடற்காற்றுப் படும் இரும்புக்குப் பெயின்ற் பூசுமுன்: மேற்பரப்புக் குறைகளைக் கண்டு திருத்தும் முழு வழிகாட்டி

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். போன வருடம் பூசிய கேற் மேலே இன்னும் பளபளக்கும். கீழ்ச் சட்டத்திலும் வெல்டிங் மூட்டுகளிலும் கொப்புளம் கிளம்பியிருக்கும். வீட்டுக்காரர் பெயின்ற்றைக் குறை சொல்வார், பூசிய பாஸ் கடற்காற்றைக் குறை சொல்வார். பெரும்பாலும் காரணம் இரண்டுமல்ல. பூசுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று விடுபட்டிருக்கும், அல்லது முன்னுக்குப் பின் மாறிச் செய்யப்பட்டிருக்கும்.

இது கேற், கிறில், பல்கனிக் கைப்பிடி, மொட்டைமாடித் தாங்கியின் சட்டம், வெளிப் படிக்கட்டு மாதிரியான வேலைகளுக்கானது. கைக்கருவியும் ஒரு கிரைண்டரும் இருந்தால் செய்யலாம். படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். அழுக்கு, எண்ணெய், கறள், உப்பு, ஈரம், தூசு: இந்த ஒழுங்கில் போகவேண்டும். காரணத்தை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

எல்லாவற்றையும் முதலிலேயே வாங்கி வையுங்கள். பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். பாதி வேலையில் கடைக்கு ஓடினால், தேய்த்து வெளியே எடுத்த இரும்பு அதற்குள் திரும்பக் கறள் கட்டத் தொடங்கிவிடும்.

தேவையானவை: சுரண்டி, சிப்பிங் சுத்தியல், கம்பி பிரஷ், இடுக்குக்குள் போகும் சிறு பிரஷ், கிரைண்டர், 60 அல்லது 80 இலக்க ஃபிளாப் டிஸ்க் (சாண்ட் பேப்பர் மடல்கள் அடுக்கிய கிரைண்டர் தட்டு), 80, 120, 180 இலக்க சாண்ட் பேப்பர், நைலோன் பிரஷ், இரண்டு வாளி, சவர்க்காரத் தூள், தின்னர், ஒளி ஊடுருவும் ஒட்டு நாடா, கையுறை, கண்ணாடி, தூசுக்கான முகக்கவசம். வெள்ளைப் பருத்தித் துணி நிறைய வேண்டும். நிறத்துணியில் அழுக்கு வந்ததா இல்லையா என்று தெரியாது, சாயமும் கழன்று தின்னரில் கலக்கும்.

பிரைமரையும், அதாவது வெறும் இரும்பில் முதலில் பூசும் அடிப்பூச்சையும், முதல் நாளே வாங்குங்கள். எவ்வளவு சுத்தம் செய்யவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்த ரின்னில் எழுதியிருக்கும் குறிப்புத்தான். சிங்க் நிறைந்த பிரைமர்கள் மணல்வீச்சில், அதாவது காற்றழுத்தத்தால் தூளை வீசியடித்து, வெள்ளையாக்கிய இரும்பையே கேட்கும். கையால் தேய்த்த இரும்பில் அவற்றைப் பூசுவது காசை வீணாக்குவது. கைவேலைக்கு, 'சேர்ஃபேஸ் ரொலரன்ற்' (முழுச் சுத்தமில்லாத பரப்பிலும் பிடிக்கும்) என்று குறிப்பிட்ட எபொக்ஸி, அதாவது இரு கூறுகளைக் கலந்து பூசும் வகை, அல்லது சிங்க் பொஸ்பேற் கலந்த அன்ரிகொரோசிவ் (கறள் தடுக்கும்) பிரைமர் பொருந்தும். சாதாரண ரெட் ஒக்சைட்டில் உள்ள சிவப்பு வெறும் இரும்பு ஒக்சைட். அது நிறத்தையும் மறைப்பையும் தரும், கறளைத் தானாகத் தடுக்காது. உள் கிறிலுக்குப் பரவாயில்லை, கடலோரக் கேற்றுக்கு நான் அதை நம்பமாட்டேன்.

பழைய வீடு என்றால் இன்னொன்று. இலங்கையில் பெயின்ற்றில் ஈயத்துக்கான கட்டாய வரம்பு 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய படையைக் கிரைண்டரால் உலர்வாகத் தேய்த்துப் புழுதி கிளப்பாதீர்கள். தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள், கீழே பொலித்தீன் விரித்துத் தூளைச் சேருங்கள், பிள்ளைகளை அப்பால் அனுப்புங்கள்.

கொழும்பில் இந்த வேலைக்கு நல்ல காலம் ஜனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேரே உப்பை அள்ளி வரும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை.

2. இரும்பைப் பார்த்து இனங்காணுதல்

தேய்க்கத் தொடங்குமுன் நின்று பார்க்க நேரம் ஒதுக்குங்கள். புதிதாக வருபவர்கள் எல்லாக் குறைக்கும் ஒரே மருந்தாகக் கம்பி பிரஷ்ஷைத் தூக்குவார்கள். குறை எதுவென்று தெரியாமல் தேய்ப்பதில் பாதி உழைப்பு வீண்.

நீலம் கலந்த கறுப்பில் மினுங்கும் தோல் இருந்தால் அது மில் ஸ்கேல். இரும்பைச் சூடாக உருட்டும்போது உண்டாவது. கம்பி பிரஷ் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். அது பார்வைக்கு உறுதியாகத் தெரியும், ஆனால் வெடிப்புகளில் நீர் புகுந்தால் அடியிலிருக்கும் இரும்புதான் மின்வேதி முறையில் கரையும். பின்னர் தோல் பெயின்ற்றோடு சேர்ந்து கழரும். உளி நுனியால் ஓரிடத்தில் கீறிப் பாருங்கள். கறுப்புச் செதிலாகத் தெறித்தால் சந்தேகமில்லை.

மெல்லிய பொக்ஸ் பார் (உள்ளே வெறுமையான சதுரக் குழாய்) சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருந்தால் அதன்மேல் கறள் வராமல் பூசிய எண்ணெய் இருக்கும். வெள்ளி நிறமும் பூப்போன்ற படிகக் கோலமும் இருந்தால் ஜீஐ, அதாவது நாகம் (சிங்க்) பூசிய இரும்பு. அது தனி வழி, 8 ஆம் படியைப் பாருங்கள்.

கறளின் அளவுக்கு ஐஎஸ்ஓ 8501 என்ற சர்வதேசத் தரநிலை நான்கு நிலைகளைச் சொல்கிறது. ஏ என்பது மில் ஸ்கேல் மூடிய புது இரும்பு. பி என்றால் தோல் உரியத் தொடங்கி ஆங்காங்கே கறள். சி யில் தோல் போய்விட்டது, கண்ணுக்குச் சிறு குழிகள் தெரியும். டி யில் மேற்பரப்பு முழுக்கக் குழி. உங்கள் கேற்றின் மேற்பகுதி பி யாகவும் கீழ்ச் சட்டம் டி யாகவும் இருக்கலாம். சோக்கட்டியால் பகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டி பகுதிக்கு உப்பு நீக்கும் வேலை இரட்டிப்பு.

கீழ்ச் சட்டத்தின் அடிப்பக்கத்தை நின்றபடி பார்க்க முடியாது. குந்தியிருந்து ஒரு சிறு முகக்கண்ணாடியை அடியில் பிடியுங்கள். சுத்தியலால் தட்டிக் கேளுங்கள்: கணீரென்றால் இரும்பு இருக்கிறது, மந்தமாகக் கேட்டால் உள்ளே தின்றுவிட்டது. தின்ற இடத்தை வெட்டி மாற்றாமல் பெயின்ற் பூசுவதில் பயனில்லை. வெல்டிங் வேலை முதலில் முடியட்டும்.

3. அழுக்கும் எண்ணெயும்: தேய்க்குமுன்

பலர் இந்தப் படியைத் தேய்த்த பின் செய்கிறார்கள். எண்ணெய் இருக்கும் இரும்பைத் தேய்த்தால் சாண்ட் பேப்பரும் டிஸ்க்கும் அந்த எண்ணெயைக் கீறல்களுக்குள் தள்ளிவிடும். கருவியும் கெடும். அதே டிஸ்க்கைச் சுத்தமான இடத்துக்குக் கொண்டுபோனால் அங்கும் எண்ணெய்.

முதலில் சவர்க்காரத் தூள் கரைத்த நீரில் நைலோன் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரால் அலசுங்கள். புகை, புழுதி, காகத்தின் எச்சம் எல்லாம் இதில் போகும். காய்ந்த பின் தின்னர்.

தின்னருக்கு இரண்டு துணி வேண்டும். ஒன்றை நனைத்துத் துடைக்க வேண்டும்; தின்னர் ஆவியாகுமுன் மற்ற உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். ஆவியாக விட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் மெல்லப் படிந்துவிடும். துணியை அடிக்கடி மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள், கறுத்ததும் எறியுங்கள். தின்னர் போத்தலுக்குள் அழுக்குத் துணியைத் தோய்க்காதீர்கள்; துணிமேல் ஊற்றுங்கள். நெருப்பும் கிரைண்டர் பொறியும் அருகில் இருக்கக்கூடாது.

மண்ணெண்ணெயாலும் டீசலாலும் துடைக்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். இரண்டும் கிறீஸைக் கரைக்கும், ஆனால் தாங்களே ஒரு மென்படலமாகத் தங்கிவிடும். அதன்மேல் பிரைமர் பிடிக்காது.

சரி, எண்ணெய் போய்விட்டதா? சுத்தமான தண்ணீரை மேலே தெளித்துப் பாருங்கள். தண்ணீர் விரிந்து ஒரே தாளாக நின்றால் சுத்தம். முத்துமுத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது, திரும்பத் துடைக்க வேண்டும். இது காசில்லாத சோதனை. கீல், பூட்டு, உருளை இருக்கும் இடங்களில் கட்டாயம் செய்யுங்கள். அங்கேதான் வருடக்கணக்காக எண்ணெய் விட்டிருப்பார்கள்.

4. வெல்டிங், கூர் ஓரம், இடுக்கு

வெல்டிங் மூட்டில் கண்ணாடிபோல் ஒட்டியிருக்கும் கசடைச் சிப்பிங் சுத்தியலால் தட்டி எடுங்கள். தெறித்து உருண்டு ஒட்டிய துளிகளை ஃபிளாப் டிஸ்க்கால் மட்டமாக்குங்கள். அவற்றை விட்டால் பெயின்ற் உச்சியில் மெலிந்து, அடியில் காற்றைப் பிடித்து நிற்கும். முதல் கறள் அங்கே வரும். வெல்டிங் புகை படிந்த சாம்பல் தூளில் காரத்தன்மை இருக்கும். அதைத் தேய்ப்பதோடு விடாமல் தண்ணீரால் கழுவ வேண்டும்.

வெட்டிய தகட்டின் கூர் ஓரத்தில் ஈரப் பெயின்ற் நிற்காது. மேற்பரப்பு இழுவிசையால் இரு பக்கமும் விலகி, ஓரத்தில் மெல்லிய தோல்தான் மிஞ்சும். ஓரத்தைச் சுமார் 2 மில்லிமீற்றர் வளைவு வரும்வரை உருட்டிவிடுங்கள். விரலை ஓட்டினால் வெட்டக்கூடாது.

செலவைக் குறைக்க வெல்டிங் பாஸ்மார் மூட்டு முழுவதையும் பிடிக்காமல் புள்ளிபுள்ளியாகப் பிடித்திருப்பார்கள். அந்த இடைவெளிக்குள் பிரஷ் போகாது, தண்ணீர் போகும். முடிந்தால் முழுதாக வெல்ட் பண்ணச் சொல்லுங்கள். இல்லையேல் பிரைமர் காய்ந்தபின் பொலியூரிதேன் சீலன்ற் வைத்து அடையுங்கள். திறந்த பொக்ஸ் பார் முனையை மூடி, கீழ்ப்பக்கத்தில் நீர் வடிய ஒரு துளையும் விட வேண்டும். வாகனத்துக்குப் பூசும் ஃபில்லரைக் கறள்மேல் நேரே அப்புவது வழமையான பிழை. அது ஈரத்தை உறிஞ்சும். ஃபில்லர் வேண்டுமென்றால் எபொக்ஸி பிரைமருக்கு மேல்தான்.

5. கறளை எடுத்தல்

படைபடையாக எழும்பிய கறளை முதலில் சுத்தியலாலும் சுரண்டியாலும் தட்டி உதிருங்கள். அதன்மேல் நேரே கிரைண்டரை வைத்தால் மேற்படை தேய்ந்து மினுங்கும், அடிப்படை அப்படியே கிடக்கும். உதிர்ந்து முடிந்தபின் கம்பி பிரஷ், அதன் பின் டிஸ்க் அல்லது 80 இலக்கத் தாள்.

கைக்கருவி வேலைக்கு அதே ஐஎஸ்ஓ தரநிலை எஸ்ரி 2, எஸ்ரி 3 என்று இரண்டு அளவு வைத்திருக்கிறது. எஸ்ரி 2 இல் தளர்ந்த கறள், தளர்ந்த மில் ஸ்கேல், தளர்ந்த பெயின்ற் இருக்கக்கூடாது. எஸ்ரி 3 அதைவிட முழுமையானது. உலோகத்தின் மினுக்கம் தெரிய வேண்டும். கடலோர வெளிவேலைக்கு எஸ்ரி 3 ஐக் குறியாக வையுங்கள். எஸ்ஏ 2½ என்று ரின்னில் இருந்தால் அது வீச்சு முறைக்கான அளவு. கையால் அங்கே போய்ச்சேர முடியாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கிரைண்டரில் கம்பிக் கிண்ணத்தைப் பூட்டி நெடுநேரம் அழுத்தினால் கறள் அகலாமல் மெருகேறும். பழுப்புக் கறுப்பில் கண்ணாடிபோல் மினுங்கும். புதிதாக வந்தவர் அதைப் பார்த்து 'சுத்தமாகிவிட்டது' என்பார். நகத்தால் கீறினால் வழுக்கும். பெயின்ற் பிடிக்க அங்கே எந்தச் சொரசொரப்பும் இல்லை. திருத்தம் எளிது: 60 அல்லது 80 இலக்க ஃபிளாப் டிஸ்க்கை மெதுவாக ஓட்டி அந்த மெருகை உடைத்து, மங்கலான சாம்பல் நிறக் கீறல்கள் தெரியச் செய்யுங்கள். கம்பிக் கிண்ணத்தை இடுக்குகளுக்கும் மூட்டுகளுக்கும் மட்டும் வையுங்கள்.

மில் ஸ்கேலையும் ஃபிளாப் டிஸ்க்கால்தான் எடுக்க வேண்டும். ஒரு கேற்றுக்கு முடியும். பெரிய கூரைச் சட்டம் என்றால் மணல்வீச்சுப் பட்டறைக்கு அனுப்புவதே மலிவு. அனுப்புமுன் என்ன தூள் பாவிக்கிறார்கள் என்று கேளுங்கள். கார்னெற், செப்புக் கசடு, இரும்புத் துகள் சரி. வெறும் மணல் என்றால் வேண்டாம்: உடைந்த சிலிக்காத் தூள் தொழிலாளியின் நுரையீரலை மீளமுடியாமல் கெடுக்கும், கடல்மணலாக இருந்தால் உப்பையும் இரும்புக்குள் அடித்துவிடும். கொம்ப்ரஸர் காற்றில் எண்ணெய் வருகிறதா என்றும் பாருங்கள்; ஒரு வெள்ளைத் துணியைக் காற்று வாய்க்கு எதிரே ஒரு நிமிடம் பிடித்தால் தெரிந்துவிடும்.

அசிட் ஊற்றிக் கறள் எடுக்கும் பழக்கம் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். குளியலறை கழுவும் அசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறள் மாயமாய்ப் போகும், ஆனால் குளோரைட் இரும்பில் தங்கும். காய்வதற்குள் மஞ்சள் கறள் பூக்கும். நாம் கடற்காற்றின் குளோரைட்டோடு போராடுகிறோம். அதையே கையால் ஊற்றக்கூடாது.

கறள் மாற்றித் திரவங்கள், அதாவது டானிக் அமிலமோ பொஸ்போரிக் அமிலமோ உள்ளவை, இறுக ஒட்டிய மெல்லிய கறளுக்கு மட்டும். தடித்த கறளில் மேல்தோல் கறுக்கும், உள்ளே ஒன்றும் நடக்காது. உப்பையும் அவை நீக்குவதில்லை. பாவித்தால் 6 ஆம் படி முடிந்தபின் பாவியுங்கள், அலசச் சொல்லி ரின்னில் இருந்தால் அலசுங்கள்.

6. உப்பு: கொழும்பில் அதிகம் விடுபடும் படி

மற்ற எல்லாம் சரியாகச் செய்தும் கேற் கொப்புளித்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். உப்பு கண்ணுக்குத் தெரியாது. தின்னரில் கரையாது. சாண்ட் பேப்பர் அதைக் குழிக்குள் இருந்து எடுக்காது. தண்ணீர் மட்டுமே எடுக்கும்.

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினாலே நீரை இழுத்துக் கரையும். கொழும்பில் இரவில் அநேகமாக ஒவ்வொரு நாளும் அந்த அளவு வரும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைட் மூன்றில் ஒரு பங்கு ஈரப்பதனிலேயே நீரை இழுக்கும். பெயின்ற்றுக்கு அடியில் இவை இருந்தால், படலத்தினூடாக நீர் ஊறி உள்ளே சேரும். கொப்புளத்தைக் குத்தினால் தண்ணீர் வருவது அதனால்தான்.

எவ்வளவு உப்பு அதிகம்? கப்பல்களின் பலாஸ்ற் தாங்கிப் (சமநிலைக்காகக் கடல்நீர் நிரப்பும் தாங்கி) பூச்சுக்கு சர்வதேச கடல்சார் அமைப்பு 2006 இல் ஏற்ற தரநிலை, சதுர மீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் உப்பை அனுமதிப்பதில்லை. இரு பக்கமும் சேர்த்து 6 சதுர மீற்றர் உள்ள கேற்றுக்கு அது மொத்தம் 0.3 கிராம், கறிக்குக் கிள்ளிப் போடும் ஒரு சிட்டிகை. கடலோர ரயில் பாதையை ஒட்டிய வீட்டுக் கேற்றின் குழிகளில் அதற்கு மேல் எளிதாகச் சேர்ந்திருக்கும்.

கறளை எடுத்தபின் கழுவ வேண்டும். முன்பே கழுவினோமே என்று விடாதீர்கள். அப்போது உப்பு கறளுக்கு அடியில் மூடிக் கிடந்தது. குழாய்நீரை ஓடவிட்டு நைலோன் பிரஷ்ஷால் குழிக்குள் குத்தித் தேயுங்கள். பிரெஷர் வொஷர் இருந்தால் நல்லது. கடலோரக் கிணற்று நீர் வேண்டாம். உவர்நீராக இருந்தால் கழுவும்போதே உப்பு ஏற்றுகிறீர்கள்.

உப்பு போனதா என்று பார்க்க, கழுவிய இரும்பை ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் குழிகளில் மட்டும் கறும்பழுப்புப் புள்ளிகள், சில வேளை ஈரமாகவே, தெரிந்தால் அங்கே உப்பு இருக்கிறது. முழுப் பரப்பிலும் ஒரே சீராக வந்த இளமஞ்சள் கறள் வேறு. அது வெறும் ஈரத்தால் வந்தது. புள்ளி வந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் கிளறி, திரும்பக் கழுவி, திரும்ப ஓர் இரவு விடுங்கள். புள்ளி வராத காலைவரை இதைத் தொடர வேண்டும். டி நிலை இரும்புக்கு இது சில சுற்று ஓடும். அவசரப்படுத்தும் வீட்டுக்காரருக்கு இந்தப் புள்ளிகளையே காட்டுங்கள், பேசத் தேவையிருக்காது.

இதற்குப் பிறகு வெறுங்கையால் இரும்பைத் தொடாதீர்கள். வியர்வையிலும் உப்புத்தான். நெற்றியில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்வது இங்கே அலங்காரமல்ல.

7. பழைய பெயின்ற் இருக்கும் இடம்

நல்ல பெயின்ற்றை உரிக்கத் தேவையில்லை. நல்லதா என்று அறிய, கத்தியால் இரும்புவரை ஒரு பெருக்கல் குறி கீறி, ஒட்டு நாடாவை அழுத்தி வெடுக்கென்று இழுங்கள். துண்டுகள் வந்தால் அந்தப் பகுதி போகவேண்டும்.

நிற்கும் பெயின்ற்றின் விளிம்பை 120 இலக்கத் தாளால் சரிவாக்குங்கள். படிபோல் நின்றால் புதுப் பூச்சு அங்கே மெலிந்து, விளிம்பு மேலெழும்பும். மினுங்கும் பரப்பை 180 ஆல் மங்கலாக்குங்கள்.

அப்புறம் ஒத்துப்போகுமா என்பது. புதுப் பிரைமரின் தின்னரைத் துணியில் நனைத்து, பழைய பெயின்ற்மேல் சில நிமிடம் வைத்துப் பாருங்கள். சுருங்கினாலோ பிசுபிசுத்தாலோ அதன்மேல் அந்தப் பிரைமர் கூடாது. சாதாரண எனமலுக்கு மேல் எபொக்ஸி பூசி, முழுக்கேற்றும் சுருண்டு எழும்புவது இதனால்தான். அப்படியானால் முழுவதையும் உரியுங்கள், அல்லது பழையதன் வகையிலேயே பிரைமர் எடுங்கள்.

8. ஜீஐ பைப்பும் ஜீஐ பொக்ஸ் பாரும்

இங்கே இலக்கு இரும்பை வெளிக்கொணர்வதல்ல; நாகப் பூச்சு அப்படியே இருக்கவேண்டும். சவர்க்கார நீரால் கழுவுங்கள், வெள்ளைத் தூள்போல் பூத்திருப்பதை நைலோன் பிரஷ்ஷால் எடுங்கள், 180 இலக்கத் தாளால் மெதுவாக மங்கலாக்கி, தின்னரால் துடையுங்கள். வெல்டிங்கில் பூச்சு எரிந்த இடங்களுக்கு மட்டும் 5 ஆம் படி. எரிந்த இடத்தைத் தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள்.

சாதாரண எனமலையோ ஒயில் பிரைமரையோ ஜீஐ மேல் நேரே பூசக்கூடாது. நாகம் அதன் எண்ணெயோடு சேர்ந்து இடையில் சவர்க்காரம் போன்ற படையை உண்டாக்கும். பெயின்ற் தாள்தாளாக உரியும். எட்ச் பிரைமர் (உலோகத்தைச் சற்றே அரித்துப் பிடிக்கும் வகை) அல்லது ஜீஐக்கென்று எழுதியுள்ள எபொக்ஸி எடுங்கள்.

9. உலர்த்துதலும் நேரமும்

இரும்பின் வெப்பநிலை பனிபடுநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 பாகையாவது கூட இருக்கவேண்டும், ஈரப்பதன் 85 வீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது எங்கும் உள்ள விதி. கொழும்புக்கு அதை இப்படி எண்ணலாம். காற்று 30 பாகை, ஈரப்பதன் 75 வீதம் என்றால் பனிபடுநிலை ஏறத்தாழ 25. இரும்பு 28 ஐத் தாண்டினால் பூசலாம். அதிகாலை 26 பாகை, 90 வீதம் என்றால் பனிபடுநிலை 24 க்குச் சற்று மேல். இரும்பு 27 க்கு மேல் வேண்டும், ஆனால் இரவு முழுக்கக் குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டில் இருக்காது. ஆகவே காலை 9 மணிக்கு முன் தொடங்கவேண்டாம். கருவி இல்லையென்றால் ஈரத்துணியால் ஓரிடத்தைத் துடையுங்கள். கால் மணி நேரத்துக்குள் காயாவிட்டால் காத்திருங்கள்.

நடுப்பகல் வெயிலில் தொட முடியாதபடி சுட்டால் அதுவும் கூடாது. மேல்தோல் சட்டென்று காய்ந்து உள்ளே தின்னர் அகப்பட்டு, ஊசித்துளைகள் வரும். நிழல் விழும் பக்கத்தில் தொடங்கி, வெயில் நகர நகர நீங்களும் நகருங்கள்.

"அண்ணை, தொட்டுப் பாருங்கோ, காஞ்சிட்டுது" என்று உதவிக்கு வந்த தம்பிமார் மேல் சட்டத்தைக் காட்டுவார்கள். கீழ்ச் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டுங்கள். பொக்ஸ் பாருக்குள் நின்ற தண்ணீர் மூட்டு வழியே ஒழுகி வந்தால், இன்னும் நேரம் ஆகவில்லை. புளோவர் பிடித்து இடுக்குகளை ஊதி உலர்த்துங்கள்.

கழுவியபின் இளமஞ்சள் கறள் படர்ந்திருந்தால் 80 தாளால் ஒரு கை தேய்த்தால் போதும். அந்தத் தேய்ப்பிலிருந்து 3, 4 மணி நேரத்துக்குள் பிரைமர் ஏற வேண்டும். ஒரு நாளில் பிரைமர் பூசக்கூடிய அளவை மட்டும் தேயுங்கள். பின்னேரம் மழை இருட்டினால் மிச்சத்தை நாளைக்கு வையுங்கள்.

10. தூசும் முதல் பூச்சும்

பிரஷ்ஷால் தட்டி, தின்னரில் சற்றே நனைந்த வெள்ளைத் துணியால் துடைத்தபின், ஒட்டு நாடாவை இரும்பில் அழுத்தி எடுத்து வெள்ளைக் கடதாசியில் ஒட்டிப் பாருங்கள். சாம்பல் படிந்தால் இன்னும் துடைக்க வேண்டும். தூசுமேல் பூசிய பிரைமர் தூசைத்தான் பிடித்திருக்கும், இரும்பை அல்ல.

முதலில் சிறு பிரஷ்ஷால் ஓரங்கள், வெல்டிங் மூட்டுகள், ஆணித் துளைகள், குழிகள். அங்கே பிரைமரைக் குத்தி உள்ளே தள்ளுங்கள். அதன்பின் முழுப் பரப்பு. கீழ்ச் சட்டத்தின் அடிப்பக்கத்தைக் கடைசிக்கு விடாமல் முதலிலேயே பூசுங்கள். கடைசிக்கு விட்டால் களைப்பில் விடுபடும்.

11. பிரைமருக்குப் பின் குறை தெரிந்தால் எந்தப் படிக்குத் திரும்புவது

மேலே இன்னொரு கோட் போட்டு மறைக்கும் எண்ணம் வரும். மறைக்க வேண்டாம், பெயர்ந்த ஒரு துண்டை எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள், காரணம் அங்கே இருக்கும். பழுப்புத் தூள் ஒட்டியிருந்தால் கறளோ தூசோ மிஞ்சியிருக்கிறது: 5 அல்லது 10. கறுப்புச் செதில் என்றால் மில் ஸ்கேல்: 5. சுத்தமாக வழவழப்பாக இருந்தால் மெருகேறிய இரும்பு, எண்ணெய், அல்லது ஜீஐ. இரும்பில் தண்ணீர் தெளித்துப் பார்த்து எதுவெனப் பிரியுங்கள்.

பூசும்போதே பிரைமர் வட்டவட்டமாக விலகிக் குழி விழுந்தால் எண்ணெய் அல்லது சிலிக்கோன். பக்கத்தில் யாராவது கார் பொலிஷ் போட்டார்களா என்றும் கேளுங்கள். காயவிட்டு, அந்த இடத்தைத் தேய்த்து எடுத்து, 3 ஆம் படியிலிருந்து வரவேண்டும்.

ஓரிரு நாளில் கறள் புள்ளிகள் எட்டிப் பார்த்தால், அவை எங்கே இருக்கின்றன என்று கவனியுங்கள். ஓரங்களை ஒட்டி வரிசையாக இருந்தால் படலம் மெலிவு. தேய்த்துத் துடைத்து ஓரத்துக்கு மட்டும் இன்னொரு கோட் போதும். குழிகளில் இருந்தால் உப்பு. அந்தக் குழிகளை இரும்புவரை திறந்து, 6 ஆம் படியைப் புதிதாகத் தொடங்குங்கள். கேற் முழுவதையும் உரிக்கத் தேவையில்லை. புள்ளியைச் சுற்றி நாலு விரல் அகலம் திறந்தால் போதும், அதற்கு அப்பாலும் புள்ளி வராதவரை.